கிடாரம் தூக்கிய படம்

படத்தைப் போட்டது றோய் டொக்டர்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். கணக்கப்பிள்ளை எடுத்தார் என்றார்கள், யாரோ களவாகப் பிடித்துப் போட்டார்கள் என்றார்கள். ஒரு மண்ணும் இல்லை. அந்தோனியார் திருநாள் அன்று மத்தியானம் கோயில் படியில் நின்றுகொண்டு, தன் போனில், தன் விருப்பத்தில் எடுத்துப் பேஸ்புக்கில் அவரே போட்டார். 'எங்களை வளர்த்த கைகள்' என்று மேலே ஒரு வரி வேறு. நானும் அதற்கு லைக் போட்டேன். போட்ட கையை வெட்டவா முடியும்?

இதை எழுதுகிற நீ மட்டும் என்ன யோக்கியமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பெயர், மலை நம்பர், திருநாள் நடந்த மாதம் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஸ்பிரிங்வெளிப் பக்கம் வந்து தேடினால் உங்களுக்குக் கால் வலிதான் மிச்சம்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். இருபது வருசமாக இரண்டாம் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் இருக்கிறேன். எனக்கும் யேசுரத்தினம் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரும் கூரை வரை போகாது. அவர் வீட்டில் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும். யேசுரத்தினம் பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் முப்பது வருசம் வேலை செய்து ஓய்ந்தவர். அவர் மனைவி பவுலினா இன்னும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார். மகன் டொக்டராகிவிட்டான், இன்னும் எதற்குக் கூடை என்று கேட்டால், "வீட்டுல குந்தி இருந்தா எனக்கு மேலெல்லாம் வலிக்குது மாஸ்டர்" என்பார். இவர்களுக்கு ஒரே மகன் றோய். எங்கள் டிவிசனில் பிறந்து டொக்டரான முதல் ஆள். எழுத்தில் 'அவர்' என்கிறேன். நேரில் நீ, வா, போதான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்.

பதுளைக்கு இறங்குகிற ரோட்டில் இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை. ஒன்றரை வருசம்தான் ஆகிறது. ஆனால் பேஸ்புக்கில் பதினோராயிரம் பேர் அவர் பின்னால். காலையில் ஆஸ்பத்திரி வாசல் படம், மத்தியானம் சோற்றுப் பார்சல் படம், பின்னேரம் மலைக்கு மேலே மஞ்சள் வெயில். சும்மா சொல்லக்கூடாது, நல்லதும் செய்தார். குளவி கொட்டினால் நாட்டு மருந்து தேடிக்கொண்டு நிற்காமல் உடனே தூக்கிக்கொண்டு வாங்க என்று ஒரு வீடியோ போட்டார். அதைப் பார்த்துத்தான் மூன்றாம் லயத்தில் ஒரு பிள்ளை பிழைத்தது. நன்றி சொல்லி வந்த கொமண்டுகளை யேசுரத்தினம் எனக்கு வாசித்துக் காட்டுவார். கிழவனுக்குக் கண்ணாடி கூட வேண்டியிருக்காது அந்த நேரத்தில்.

விஜயலெட்சுமி விசயத்துக்கு வருகிறேன். முதலாம் லயம், நாற்பத்தாறு வயசு, பவுலினாவுக்குப் பக்கத்து நிறையில் கொழுந்து எடுக்கிறவள். இருவரும் சேர்ந்தே மலை ஏறி, சேர்ந்தே இறங்குவார்கள். யேசுரத்தினத்தை அண்ணே என்பாள், பவுலினாவை மதினி என்பாள். றோய்க்கு அவள் அத்தை. பவுலினா மலையில் இருந்த நாட்களில் இவள் பிரசவ லீவில் வீட்டில் இருந்ததால், றோயும் அவள் மடியில்தான் கிடந்தார். புருசன் அழகர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், வாய் கொஞ்சம் நீளம்.

அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கியிருந்தது. முப்பது வருசம் தலையில் கயிற்றை மாட்டி முதுகில் பாரம் சுமந்து, பிள்ளை பெற்ற மூன்றாம் மாதமே மறுபடி மலை ஏறினால் வேறு என்ன ஆகும்? இரண்டு வருசமாக யாரிடமும் சொல்லாமல் துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். கடைசியில் ஒன்றுக்குப் போகவே முடியாமல் ஆன பிறகுதான் றோயிடம் போய் அழுதாள். அவர் பெரிய டொக்டர்களிடம் காட்டி ஆபரேசனுக்குத் தேதி வாங்கிக் கொடுத்தார். அதுவரைக்கும் கூடை தூக்கக்கூடாது, குனியக்கூடாது என்று ஆறு கிழமைக்கு, அதாவது நாற்பத்திரண்டு நாளைக்கு, லீவு போட மெடிக்கல் துண்டு எழுதினார். மெடிக்கலில் அவர் எழுதிய நோய், முதுகு வலி.

ஏன் அப்படி எழுதினார் என்று விளங்க வேண்டுமானால் எங்கள் கணக்கப்பிள்ளை ரெங்கசாமியை விளங்க வேண்டும். காலை ஆறே முக்காலுக்குப் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கப் பேர் கூப்பிடும்போது, யார் யார் மெடிக்கல் என்று வாசிப்பார். பேரை மட்டும் வாசித்தால் பரவாயில்லை. நோயையும் சேர்த்து வாசிப்பார். அப்படி வாசித்தால்தான் கள்ள லீவு எடுக்கிறவர்களுக்கு வெட்கம் வரும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. நோய் எழுதாத மெடிக்கலை வாங்க மாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார். நாலு வருசத்துக்கு முன்னால் ஒரு குமரிப்பிள்ளைக்கு வெள்ளைப்படுதல் என்று எழுதி வந்த துண்டை இருநூறு பேருக்கு முன்னால் சத்தமாக வாசித்தார். ஆம்பளைகள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்கு அதுவே பட்டப்பெயர். இரண்டாம் மாதம் அவள் கொழும்புக்குப் போய்விட்டாள், இன்னும் திரும்பவில்லை. எனக்கு அந்த மனுசனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

றோய் அதை யோசித்துத்தான் முதுகு வலி என்று எழுதினார். ரெங்கசாமி வாசித்தார், "விஜயலெட்சுமி, மெடிக்கல், முதுகு." யாரும் சிரிக்கவில்லை. மலைக்குப் போகிறவர்களில் யாருக்குத்தான் முதுகு வலி இல்லை?

திருநாள் அன்று விஜயலெட்சுமி வந்தாள். அவள் சைவ சமயம்தான், ஆனால் அந்தோனியார் சோற்றுக்குப் பதம் பார்க்கிறது வருசா வருசம் அவள்தான். ஒரு முக்காலியில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், பாரம் எதையும் தொடவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கச்சான் காற்று பேயாட்டம் ஆடுகிற காலம். சோற்றுக் கிடாரத்தை அடுப்பிலிருந்து இறக்க ஒரு பக்கம் அழகர், மறுபக்கம் கோயில் மூப்பர் பிடித்தார்கள். பாதித் தூரம் தூக்கும்போது காற்று நெருப்பை மூப்பரின் இடுப்புச் சாரத்தில் அடித்தது. மனுசன் பாத்திரத்தின் காதைப் பிடித்த கையை விட்டுவிட்டார். கிடாரம் சாய்ந்த பக்கத்தில் ஐந்து பொம்பளைகள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். கொதிக்கிற கஞ்சி அப்படியே அவர்கள் மேல் வந்திருக்கும். விஜயலெட்சுமி பாய்ந்து பிடித்துவிட்டாள். பிடித்து, தூக்கி, மண்ணில் வைத்தாள். ஒரு மூச்சு நேரம்தான்.

அந்த மூச்சு நேரத்தை றோய் படம் பிடித்தார். புகை, வெயில், பின்னால் பல்லைக் காட்டுகிற சனம், நடுவில் கிடாரத்தைத் தூக்குகிற விஜயலெட்சுமி. வலியில் உதட்டைக் கடித்திருக்கிறாள். படத்தில் அது சிரிப்பு மாதிரி இருக்கிறது. டொக்டராகப் பார்த்திருந்தால் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருப்பார். அப்போது அவர் படம் எடுக்கிற ஆளாக இருந்தார். படத்துக்குப் பிறகு விஜயலெட்சுமி கோயிலுக்குப் பின்னால் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்ததைப் பவுலினாவும் நானும்தான் பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை படம். திங்கட்கிழமை காலையில் 'நம்ம மலை நியூஸ்' என்கிற பக்கத்தில் அந்தப் படமும், பக்கத்திலேயே மெடிக்கல் துண்டும். துண்டு ஒபிசில் இருந்தது, யார் படம் எடுத்துக் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. 'முதுகு வலிக்கு ஆறு கிழமை லீவு. கிடாரம் தூக்க மட்டும் முதுகு இருக்கு. டொக்டர் ஐயா, இந்தச் சலுகை சொந்தக்காரங்களுக்கு மட்டுமா?' என்று எழுதியிருந்தார்கள். பின்னேரத்துக்குள் அறுநூறு பேர் சிரித்த முகம் போட்டிருந்தார்கள். நன்றி சொன்ன அதே வாய்கள்தான். 'தோட்டத்தான் டொக்டரானா இப்படித்தான்' என்று ஒருத்தன் எழுதியிருந்தான், அவனும் தோட்டத்தான்தான்.

புதன்கிழமை தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரி மேலிடத்துக்கு முறைப்பாடு போய்விட்டது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை, எழுத்தில் விளக்கத்தோடு வரச்சொல்லி றோய்க்குக் கடிதம். பொய் மெடிக்கல் என்று முடிவானால் வேலை போகும். டொக்டர் என்கிற பதிவே போனாலும் போகும்.

வியாழக்கிழமை பின்னேரம் அவர் வீட்டுக்கு வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.  யேசுரத்தினம் சுவரைத் தட்டினார்.

"மாஸ்டர், இங்கிட்டு வாங்க. நீங்களும் கேளுங்க இந்தக் கூத்த."

போனேன். பவுலினா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அரைத்த கட்டச்சம்பல் அம்மியிலேயே இருந்தது, யாரும் தட்டில் எடுக்கவில்லை. கதவைச் சாத்தியும் காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது.

"கேளுங்க மாஸ்டர். முதுகு வலிதானாடானு கேக்குறேன். இல்லேங்குறான். அப்ப பொய்யாதான் எழுதுனியானு கேக்குறேன். ஆமாங்குறான். என்னா நோயினு கேட்டா சொல்ல மாட்டேங்குறான். என்னா ஆள் இவன்?"

"அப்பா, அது நோயாளி விசயம். உங்ககிட்டச் சொல்ல முடியாது."

"எங்கிட்டச் சொல்ல முடியாது. நாளைக்கு அவங்ககிட்ட என்னாத்தச் சொல்லுவ? முப்பது வருசம் அந்த மேல்மாடியில புழுங்குனேன்டா. எதுக்கு? எம்மகன் கள்ள மெடிக்கல் குடுத்தான்னு பேரு வாங்கவா?"

"கள்ள மெடிக்கல் இல்லப்பா!"

"பொய்யி எழுதுனேன்னு நீதானடா சொன்ன!"

"நோயிதான் பொய்யி. லீவு பொய்யி இல்ல."

"நல்லா இருக்குடா நியாயம்" என்று கிழவர் தலையில் கையை வைத்தார். பவுலினா ரொட்டியைத் திருப்பிப் போடுகிற வேகத்தில் ஏதோ இருந்தது.

றோய் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். வாசலில் வைத்துப் போனைக் கையில் கொடுத்தார்.

"மாஸ்டர், எழுதி வச்சிருக்கேன். தமிழ் சரியானு பாத்துச் சொல்லுங்க. நாளைக்கு விசாரணைக்கு முந்தி போட்டுருவேன்."

வாசித்தேன். விஜயலெட்சுமிக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரிய வந்தது அப்படித்தான். நீளமான பதிவு. ஒரு கொழுந்து பறிக்கிற பெண்ணின் உடம்பு என்னவாகிறது, எத்தனை பேர் துணியைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறார்கள், பெரட்டுக் களத்தில் நோயை ஏன் வாசிக்கிறார்கள், நான் ஏன் பொய் எழுதினேன். வாசித்துக்கொண்டு போகப் போக, கெட்டிக்காரன், என் பிள்ளை என்று நினைத்தேன். இரண்டு இடத்தில் திருத்தமும் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: போடாதே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"பேரு போடல மாஸ்டர். நாப்பத்தாறு வயசுத் தாய்னு மட்டும்தான் போட்டுருக்கேன்."

"நல்லா இருக்கு றோய். இதப் படிச்சா ஒருத்தன் வாய் திறக்க மாட்டான்."

"என்னா அது?" பவுலினா அகப்பையோடு பின்னால் நின்றார். "எனக்கும் வாசிச்சுக் காட்டு."

"உங்களுக்கு எதுக்கும்மா?"

"வாசிடா."

அவர் தாழ்ந்த குரலில் வாசித்தார். பவுலினா முழுக்கக் கேட்டார். முகத்தில் அதிசயம் எதுவும் இல்லை. அவருக்கு எப்போதோ தெரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அழி."

"அம்மா, பேரே இல்லியே."

"பேரு எதுக்குடா? படம்தான் ஊரு பூரா சுத்துதே. அந்தப் படத்துல இருக்குறவளுக்கு இதுதான் நோயினு நீயே எழுதிக் குடுக்குற. ரெங்கசாமி இருநூறு பேருக்குத்தான் வாசிச்சான். நீ பதினோராயிரம் பேருக்கு வாசிக்கப் போற."

"நான் அவங்களக் கேவலப்படுத்தவா எழுதுறேன்? இது எல்லாப் பொம்பளைங்களுக்காகவும்."

"எல்லாப் பொம்பளைங்களும் உன்னையக் கேட்டாங்களா?"

"அப்ப என்னா செய்யச் சொல்றீங்க? வேலைய விட்டுட்டுக் கூடைய மாட்டிக்கிட்டு மலைக்குப் போகவா?"

பவுலினா அகப்பையை என் கையில் திணித்துவிட்டு முதலாம் லயத்துப் பக்கம் விறுவிறு என்று நடந்தார். ரொட்டி கருகுகிற வாசம் வந்தது. நான்தான் உள்ளே போய்த் திருப்பிப் போட்டேன்.

கால் மணி நேரத்தில் விஜயலெட்சுமியோடு திரும்பி வந்தார். அவள் கால்களை அகட்டி மெதுவாக நடந்து வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். யேசுரத்தினம் நிலைமையைப் பார்த்துத் தானாகவே எழுந்து வெளியே போய்விட்டார். நானும் போகப் பார்த்தேன்.

"மாஸ்டர் இருக்கட்டும்," என்றாள். "வாசிச்சுட்டாருல்ல. இனி போயி என்னா வந்து என்னா."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் என்று இருந்தது.

"தம்பி, அத அழிச்சிரு."

"அத்தே, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க."

"உங்க மாமனுக்கே தெரியாதுடா. அந்தாளுக்கும் முதுகுனுதான் சொல்லி வச்சிருக்கேன். ஆபரேசனுக்கு வயித்துல கட்டினு சொல்லலாம்னு இருந்தேன். நீ அதுல போட்டா, கவ்வாத்து மலையில ஆம்பளைங்க அந்தாள என்னா கேப்பாங்கனு உனக்குத் தெரியாதா? அந்தாளு வாய் வேற சும்மா இருக்காது. கத்தியத் தூக்கும். கொழும்புக்குப் போச்சே ஒரு புள்ள, அது பேரு என்னா? சொல்லு பாப்போம்."

றோய் யோசித்தார். அவருக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை. என்னிடம் மூன்று வருசம் படித்த பிள்ளை.

"ஜெசிந்தினி," என்றாள் விஜயலெட்சுமி. "ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்ல. மத்தப் பேருதான் எல்லாத்துக்கும் ஞாபகம் இருக்கு."

"விசாரணையில மட்டும் சொல்றேன். வெளிய போடல. அது சரியா?"

"அங்க யாரு யாரு இருப்பாங்க?"

றோய் தலையைக் குனிந்தார். "முறைப்பாடு குடுத்த ஆளும் இருப்பாரு."

"கணக்கப்புள்ள."

"ஆமா."

"அப்ப களத்துல வாசிச்ச மாதிரிதான்."

 பவுலினா பால் போடாத சாயத்தண்ணி ஒரு கோப்பை ஊற்றி அவள் கையில் கொடுத்தார். அவள் குடிக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"நான் ஒன்னு சொல்றேன்," என்றாள். "முதுகு வலினு நான்தான் பொய் சொல்லி உன்னைய ஏமாத்துனேன். உனக்கு ஒன்னும் தெரியாது. அப்படிச் சொல்லிப்புட்டா உன் வேலைக்கு ஒன்னும் வராதுல்ல?"

"பைத்தியம் மாதிரிப் பேசாதீங்க அத்தே. அப்படிச் சொன்னா உங்க மெடிக்கல் அன்னிக்கே செல்லாமப் போயிரும். மறுநாள் கூடை தூக்கணும். ஆபரேசனுக்கு இன்னும் பத்தொம்பது நாள் இருக்கு. அந்தக் கிடாரத்தத் தூக்குனதுலயே எவ்வளவு எறங்கிருக்குனு எனக்குத் தெரியும். இன்னும் பாரம் தூக்குனா ரத்தம் போகும், சீழ் பிடிக்கும். சும்மா பயமுறுத்தல. உசிருக்கே ஆபத்து."

"கிடாரத்தத் தூக்குனப்ப நீ படம்தானே எடுத்த?"

அவள் குத்திக்காட்டவில்லை. நேரம் என்ன என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். றோய் முகத்தைப் பொத்திக்கொண்டார். பச்சைப்பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். "அன்னிக்கு உங்க முகத்தப் பாக்கல அத்தே. வெளிச்சத்ததான் பாத்தேன்," என்றார். அவள் கிட்டே போய் அவர் தலைமயிரைத் தடவினாள்.

"சரி விடு. அழுது என்னா. நீ எதையும் எழுத மாட்டேன்னு சொல்லு."

"நீங்க கூடை தூக்க மாட்டேன்னு சொல்லுங்க."

இருவரும் சொல்லவில்லை. அவள் ஆறிப்போன சாயத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஆறரைக்கு எழும்பி வாசலுக்கு வந்தேன். றோய் ஏற்கனவே வெளிக்கிட்டு நின்றார். வெள்ளைச் சேர்ட்டு, சப்பாத்து, கையில் பைல். மற்றக் கையில் போன். எங்கள் டிவிசனில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் கோயில் படி. அவர் அங்கேதான் ஏறினார். நானும் பின்னால் ஏறினேன்.

"றோய், என்ன செய்யப் போற?"

"தெரியல மாஸ்டர்."

"நேத்து நான் சொன்னத எடுக்காத. நல்லா இருக்குனு சொன்னேன் பாரு, அது என் மடத்தனம்."

"போட்டா நான் தப்பிப்பேன். அவங்களும் மலைக்குப் போகாமத் தப்பிப்பாங்க. உடம்பாவது மிஞ்சும்ல மாஸ்டர்? வெட்கத்துக்கு யாரும் செத்ததில்ல."

"ஜெசிந்தினியக் கேட்டுப் பாத்தியா?"

அவர் போனில் பதிவு திறந்தபடி இருந்தது. கட்டை விரல் அதற்கு மேலேயே நின்றது.

படிக்குக் கீழேதான் பெரட்டுக் களம். ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பொம்பளைகள் இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு பக்கம், கவ்வாத்துக் கத்தியோடு ஆம்பளைகள் மறுபக்கம். ரெங்கசாமி புத்தகத்தை விரித்தார். காற்று தாளைப் புரட்டியது, எச்சில் தொட்டு அமுக்கினார்.

அப்போது முதலாம் லயத்துப் பாதையில் விஜயலெட்சுமி வந்தாள். படங்கு கட்டியிருந்தாள். தலையில் கயிறு, முதுகில் கூடை.

"இந்தா வந்துட்டாங்கப்பா, கிடாரத்து அம்மா!" என்று ஆம்பளைகள் பக்கமிருந்து ஒரு குரல். சிரிப்பு. அழகர் திரும்பிப் பார்த்து, "நீ எதுக்குடி வந்த?" என்றார்.

அவள் நேராகப் போய் ரெங்கசாமிக்கு முன்னால் நின்றாள்.

"கணக்கப்புள்ள ஐயா, எம்பேரப் போடுங்க. எனக்கு முதுகு வலி இல்ல."

"என்னாது?"

"முதுகு வலி இல்ல. டொக்டர்கிட்டப் பொய் சொல்லித்தான் மெடிக்கல் வாங்குனேன். அந்தப் புள்ளைக்கு ஒன்னும் தெரியாது."

ரெங்கசாமிக்கு முகம் மலர்ந்தது. புத்தகத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"இங்கிட்டு நில்லு. இதையே இன்னொருக்கா சொல்லு. சத்தமா சொல்லு, காத்து அடிக்குது."

அவள் போனைப் பார்த்துச் சொன்னாள். ஒரு சொல் கூட மாறாமல், பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி. அழகர் கத்தியைத் தரையில் குத்தினார். "மானங்கெட்டவளே, என்னையும் சேத்துல்லடி ஏமாத்தியிருக்க!" என்று கத்திவிட்டுக் களத்தை விட்டே போய்விட்டார். ஆம்பளைகள் கூச்சல் போட்டார்கள். பொம்பளைகள் பக்கம் ஒரு சத்தம் இல்லை. பவுலினாவைப் பார்த்தேன். மகனை நிமிர்ந்து பார்த்தபடி நின்றார்.

றோய் படியில் தடதடவென்று இறங்கி ஓடினார். நானும் ஓடினேன். "நிப்பாட்டுங்க! அவங்க சொல்றது..." என்று கத்திக்கொண்டே களத்துக்குள் நுழைந்தார். ரெங்கசாமி போனை அப்படியே அவர் பக்கம் திருப்பினார்.

"வாங்க டொக்டர் ஐயா. நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தம்மா பொய் சொல்லி உங்கள ஏமாத்திட்டேன்னு சொல்லுது. அப்படித்தானா? இல்ல வேற நோயி ஏதும் இருக்கா? இருந்தாச் சொல்லுங்க, எல்லாரும் தெரிஞ்சுக்குவோம்."

  றோய் வாயைத் திறந்தார். நான் அவருக்கு இரண்டு அடி பின்னால் நின்றேன். உண்மையைச் சொல்ல ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல் அவர் நாக்கு நுனியில்தான் இருந்தது, அதுவும் ஒரு நல்ல மனசோடு.

விஜயலெட்சுமி அவருக்கு நேரே திரும்பினாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

"மன்னிச்சிருங்க டொக்டர் ஐயா. பொய் சொல்லிட்டேன்."

பிறந்த நாள் முதல் தூக்கி வளர்த்தவரை அவள் ஐயா என்று கூப்பிட்டாள். றோயின் வாய் மூடியது. 

"ஆமா," என்றார்.

"சத்தமா சொல்லுங்க டொக்டர்."

"ஆமா. ஏமாத்திட்டாங்க."

ரெங்கசாமி போனைப் பைக்குள் போட்டார். மெடிக்கல் வெட்டு என்று புத்தகத்தில் கோடு இழுத்தார். "பதினாலாம் நம்பர் மலை," என்றார். எங்கள் டிவிசனில் அதைவிடச் செங்குத்தான மலை இல்லை. விஜயலெட்சுமி கயிற்றைச் சரி பண்ணிக்கொண்டு நடந்தாள். பொம்பளைகள் எல்லோரும் பின்னால் போனார்கள்.

எட்டரைக்கு ஒரு ஓட்டோவில் றோயும் நானும் கிளம்பினோம். தனியாக விட மனசு வரவில்லை, பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே ஏறினேன். அதற்குள் அந்த வீடியோ வந்துவிட்டது. போன் அவர் மடியில் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுத்துப் பார்த்தேன். 'சொரி டொக்டர், உங்களைத் தப்பா நினைச்சிட்டோம்.' 'நல்ல மனுசனை ஏமாத்தின நடிப்புக்காரி.' 'இவளுக்கெல்லாம் வேலையே குடுக்கக்கூடாது.' இன்னும் நாக்கூசுகிற சொற்கள். ஆயிரத்துக்கு மேல் லைக்.

"அணைச்சிருங்க மாஸ்டர்," என்றார். "அங்க போயும் இதையேதான் எழுதிக் குடுக்கணும். அவங்க என்னைய ஏமாத்துனாங்கனு. கையெழுத்து வேற போடணும்."

ஓட்டோ பதினாலாம் நம்பர் மலைக்குக் கீழே வளைவில் திரும்பியது. "நிப்பாட்டுங்க," என்றார்.

இறங்கி நிமிர்ந்து பார்த்தோம். மலை முழுக்கப் பொம்பளைகள் நிறை நிறையாக நின்றார்கள். விஜயலெட்சுமியைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவள் முதுகில் கூடை இல்லை. வெறுங்கையோடு, குனியாமல், இடுப்பளவுச் செடியில் எட்டின கொழுந்தை மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தாள். கிள்ளினதைப் பக்கத்தில் நிற்கிறவளின் கூடையில் போட்டாள். அவளுடைய கூடையைப் பவுலினா சுமந்துகொண்டிருந்தார். முதுகில் தன் கூடை, மார்புப் பக்கம் விஜயலெட்சுமியின் கூடை, நெற்றியில் இரண்டு கயிறு. போகிற வருகிற ஒவ்வொருத்தியும் கைப்பிடி கொழுந்தை அந்த முன்கூடையில் போட்டுவிட்டுப் போனாள். 

பவுலினாவுக்கு ஐம்பத்தெட்டு வயசு.

றோய் சப்பாத்தோடு மலையில் ஏறப் பார்த்தார். இரண்டு அடி வைத்ததும் மேலேயிருந்து சத்தம் வந்தது. காற்றையும் மீறிக் கேட்டது.

"இங்க ஏன்டா நிக்கிற? விசாரணைக்கு நேரமாகுது, போ!"

"அம்மா, அதக் கீழ வைங்க!"

"போடான்னா! இன்னும் பதினெட்டு நாளு இருக்கு. ரோட்டுல நின்னு பாக்காத. நீ பாத்தா எல்லாரும் பாப்பாங்க."

அவர் ஓட்டோவில் ஏறி உட்கார்ந்தார். நான் டிரைவரிடம் போகலாம் என்றேன்.